சாரணர் என்றால் யார்? – ஒரு முகாமில் வந்த கேள்வி

பிப்ரவரி முதல் வாரம், சனி ஞாயிறு இரண்டு நாளும் மகனின் சாரணர் குழுவோடு முகாமுக்குப் போயிருந்தேன். ஏழாவது படிக்கிறான். துணைக்கு இரண்டு பெற்றோர் தேவை என்று சாரண ஆசிரியர் கேட்டார். "லேப்டாப்பை மூடிட்டு நீங்க வாங்க சார்" என்றார். போனேன்.

இடம் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், குடமுருட்டிக் கரையில் ஒரு தென்னந்தோப்பு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுவார்கள். அதனால் ஆற்றில் தண்ணீர் இறங்கி மணல் தெரிய ஆரம்பித்திருந்தது. சுற்றிலும் சம்பா அறுப்பு. ராத்திரி பத்து மணி வரை அறுப்பு மெஷின் சத்தம். கூடாரத்துக்குள் விரிக்கப் பக்கத்து வயல்காரர் வைக்கோல் கொடுத்தார்.

சாயங்காலம் ஒரு விளையாட்டு. தாம்பாளத்தில் சாவி, ஊக்கு, நெல்மணி, பேனா மூடி என்று இருபது பொருள். ஒரு நிமிஷம் பார்க்கலாம், பிறகு துணி போட்டு மூடிவிடுவார்கள். ஞாபகம் இருப்பதை எழுத வேண்டும். பேர் 'கிம்ஸ் கேம்'. என் மகன் பதினான்கு எழுதினான். எழுதிவிட்டு என்னிடம் வந்து, "அப்பா, இது ஸ்பை ட்ரெய்னிங் மாதிரி இருக்கே?" என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடியதில் கிடைத்தவை கீழே.

முதல் விஷயம், அவன் சொன்னது சரிதான். கிம் என்பது கிப்ளிங் 1901-ல் வெளியிட்ட நாவலின் நாயகன். லாகூர்த் தெருவில் வளர்ந்த அநாதைப் பையன். பிரிட்டிஷ் உளவு வேலைக்காக சிம்லாவில் அவனுக்குக் கொடுக்கும் பயிற்சிதான் இந்தத் தாம்பாள விளையாட்டு.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1876-ல் இளம் குதிரைப்படை அதிகாரியாக இந்தியாவுக்கு வந்தவர். 1897-ல் மீரட்டில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்று, சிப்பாய்களுக்கு வேவு பார்க்கக் கற்றுக்கொடுத்தார். தடம் பார்ப்பது, மறைந்து நகர்வது, கண்டதைச் சுருக்கமாகச் சொல்வது. அதையெல்லாம் புத்தகமாகவும் போட்டார். அது வந்த 1899-ல்தான் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டது. அங்கே மாஃபெகிங் ஊரை 217 நாள் முற்றுகையில் காத்து நின்று வீரராகப் பெயர் வாங்கினார். ஊர் திரும்பிப் பார்த்தால், ராணுவத்துக்கு எழுதிய புத்தகத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

1907 ஆகஸ்டில் பிரவுன்சி என்ற தீவில் சுமார் இருபது பையன்களோடு ஒரு சோதனை முகாம் போட்டார். பாதிப்பேர் பெரிய இடத்துப் பிள்ளைகள், மீதிப்பேர் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள். எல்லாரையும் நாலு அணியாகக் கலந்து பிரித்தார். அன்றைய இங்கிலாந்தில் அது சின்ன விஷயம் இல்லை. அடுத்த வருஷம் சிறுவர்களுக்கான புத்தகம் வந்தது.

1909-ல் இயக்கம் இந்தியாவுக்கும் வந்தது, முதலில் பெங்களூருக்கு. ஆனால் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டும்தான். நம் பையன்களுக்கு இடம் இல்லை.

ஏன்? என் மகனின் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அடிப்படையில் இது வேவுப் பயிற்சி. சைகையில் செய்தி அனுப்பவும் அணியாக நடக்கவும் தலைமை ஏற்கவும் ஆளப்படுகிறவன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் நாளைக்கு அதை யாருக்கு எதிராகப் பயன்படுத்துவான்? சர்க்காருக்கு அந்தப் பயம் இருந்தது.

1916-ல் மதராஸில் அன்னி பெசன்ட்டும் ஜார்ஜ் அருண்டேலும் இந்தியப் பிள்ளைகளுக்கென்றே தனிச் சாரணர் சங்கம் ஆரம்பித்தார்கள். மறு வருஷமே இரண்டு பேரையும் சர்க்கார் ஊட்டியில் காவலில் வைத்தது. காரணம் ஹோம் ரூல் கிளர்ச்சி, சாரணர் சங்கம் அல்ல. ஆனால் பையன்களுக்கு அணிநடை கற்றுக்கொடுத்தவர்களும் சுயாட்சி கேட்டவர்களும் ஒரே ஆட்கள்தான் என்பதைக் கவனியுங்கள்.

1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தார். பெசன்ட்டின் சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது, கதவு திறந்தது. மதன் மோகன் மாளவியா, குன்ஸ்ரு போன்றவர்கள் வடக்கே நடத்திய சேவா சமிதிச் சாரணர்கள் சேரவில்லை. எல்லாம் ஒன்றாகி பாரத் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் உருவானது 1950 நவம்பர் 7-ல். சாரணியர் அமைப்பும் 1951 ஆகஸ்ட் 15-ல் அதில் சேர்ந்தது.

இனி 'சாரணர்' என்ற சொல். தமிழில் இதற்கு ஒற்றர் என்றும் பொருள் உண்டு, ஊர் ஊராகத் திரியும் சமண முனிவர் என்றும் பொருள் உண்டு. சிலப்பதிகாரம் நாடுகாண் காதையில், மதுரைக்குப் போகும் வழியில் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் காவிரிக் கரைச் சோலை ஒன்றில் தங்குகிறார்கள். அங்கே ஒரு சாரணர் வந்து அறம் சொல்கிறார். நாங்கள் கூடாரம் போட்டதும் அந்தக் காவிரியின் கிளை ஒன்றின் கரையில்தான்! இரண்டு பொருளும் ரொம்பத் தூரம் இல்லை. குறளின் 'ஒற்றாடல்' அதிகாரத்தில், துறவி வேஷத்தில் போய் வேவு பார்ப்பது பற்றியே ஒரு குறள் உண்டு. ஸ்கவுட்டுக்கு இந்தச் சொல்லைப் பொருத்தியவர் யாராக இருந்தாலும் அகராதி தெரிந்தவர்.

கடைசியாகச் சொந்த விஷயம் ஒன்று. நான் ஆறாவது படித்தபோது சாரணரில் சேரப் பேர் கொடுத்தேன். யூனிஃபார்ம், பெல்ட், ஸ்கார்ஃப் எல்லாம் வாங்க வேண்டும் என்றார்கள். "அடுத்த வருஷம் பாக்கலாம்டா" என்றார் அப்பா. அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. சனிக்கிழமை சாயங்காலங்களில் மைதானத்துக்கு வெளியே நின்று முடிச்சுப் போடுவதை வேடிக்கை பார்ப்பேன்.

இந்த முகாமிலும் ஒரு பையன் ஸ்கார்ஃப் இல்லாமல் வந்திருந்தான். கொடியேற்றும்போது பின்னால் போய் நின்றான். சாரண ஆசிரியர் எதுவும் கேட்கவில்லை. தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து அவன் கழுத்தில் போட்டு, முன் வரிசைக்கு நகர்த்திவிட்டார். அவர் பையில் இன்னும் நாலைந்து இருந்ததைப் பார்த்தேன்.

அந்தப் பையன்தான் தாம்பாள விளையாட்டில் பத்தொன்பது எழுதினான். விட்டது நெல்மணி. "அது எப்பவும் பாக்கறதுதானே சார், அதான் கவனிக்கல" என்றான்.