செக்ரோலும் சார்பும்: மலாக்காத் தோட்டக் கணக்கின் ஒரு பக்கம்

இயற்கணிதத்தில் ஒரு கணத்தின் உறுப்புகளை மற்றொரு கணத்தின் உறுப்புகளோடு இணைக்கும் எந்த ஏற்பாடும் உறவு எனப்படும். முதற்கணத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டாம் கணத்தில் ஒன்றே ஒன்று, குறையாமலும் கூடாமலும் அமைந்தால் மட்டுமே அது சார்பு எனும் பெயர் பெறும். 1748இல் கணிதவியலாளர் ஆய்லர் சார்பைச் சூத்திரமாகவே கண்டார். 1837இல் டிரிக்லே, சூத்திரம் இன்றியமையாததன்று, ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே விடை கிடைத்தால் போதும் என்று வரையறுத்த பின்னர், வெறும் பட்டியலும் சார்பாவதற்கு வழி பிறந்தது.

அத்தகைய பட்டியல்களில் ஒன்று, 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டதைத் தொடர்ந்து மலாக்காவில் பெருகிய தோட்டங்களில், விடியற்காலைப் பிரட்டில் (ஆள்கணக்கெடுப்பில்) கிராணி எனும் எழுத்தர் கையிலெடுத்த செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகையையும் கூலியையும் பதியும் பேரேடு. ஒரே பெயரில் இருவர் இருந்தால் பெயரிலிருந்து ஆளுக்குச் செல்லும் உறவு சார்பாகாது. ஆளுக்கொரு எண் கொடுத்தால் அக்குறை தீரும். தொழிலாளியிலிருந்து அவர் சேர்ந்த கங்காணிக்கு, அதாவது மேற்பார்வையாளருக்கு, செல்லும் உறவு பலவற்றை ஒன்றோடு இணைக்கும் சார்பு. கங்காணியிலிருந்து தொழிலாளிக்குத் திரும்பும் உறவோ, ஒருவருக்குக் கீழ்ப் பலர் இருந்தமையால், சார்பன்று.

உறவுக்கும் சார்புக்குமான இவ்வேறுபாடு பணமாகவே மாறிய இடம் ரப்பர்ப் பால் அளக்கும் கொட்டகை எனலாம். பாலின் அளவிலிருந்து உலர் ரப்பரின் எடைக்குச் செல்லும் உறவு சார்பன்று. ஏனெனில் நூற்றுக்கு 30 பங்கு ரப்பர் உள்ள 10 லிட்டர் பால் ஏறத்தாழ 3 கிலோ தர, 36 பங்கு உள்ள அதே அளவுப் பால் 3.6 கிலோ தரும். மரத்தின் வயது, பருவம், மழைநீர்க் கலப்பு ஆகிய யாவும் அந்தப் பங்கை மாற்றும். ரப்பர் நீரைவிட இலேசானதாகையால் செறிந்த பாலில் ஆழமாக அமிழும் மெட்ரோலாக் எனும் மிதவைக் கருவி அப்பங்கைக் காட்டியது. அளவு, செறிவு எனும் இரண்டையும் சேர்த்துக் கொண்டால்தான் எடை ஒன்றாக நின்றது. ஆயினும் எடையை மட்டும் கொண்டு அளவை மீட்க இயலாது.

தோட்டக் கணக்கில் இவ்வேறுபாடு பயின்றும், தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் ஆறாம் வகுப்புவரை எண்கணிதத்தோடு நின்றன. உறவையும் சார்பையும் பிரித்தறியும் பாடம், 1970களில் மலேசியாவில் நவீன கணிதம் பரவிய பின், தமிழ்ப் பிள்ளைகள் மொழிமாற்றத்துக்கான புகுமுக வகுப்பைக் கடந்து சென்ற மலாய்மொழி இடைநிலைப் பள்ளிகளிலேயே அமைந்தது. அங்கே நான்காம் படிவக் கூடுதல் கணிதத்தின் முதல் அத்தியாயம் அம்புக்குறிப் படங்கள்வழி ஒன்றுக்கு ஒன்று, பலவற்றுக்கு ஒன்று, ஒன்றுக்குப் பல, பலவற்றுக்குப் பல என உறவுகளை நான்காகப் பகுத்து, முதலிரண்டை மட்டும் சார்பாக ஏற்றது. கூடுதல் கணிதம் விருப்பப் பாடமாதலால் அதை எடுக்காத பிள்ளைக்கு இப்பகுப்பு எட்டவில்லை. 2018இல் புதிய பாடத்திட்டம் சார்பின் வரையறையை இரண்டாம் படிவப் பொதுக் கணிதத்துக்குள் கொண்டுவந்தபோதுதான் அது எல்லா மாணவர்க்கும் உரியதாயிற்று. அதற்குள் ரப்பர்க் காடுகள் பலவற்றில் செம்பனை ஏறியிருந்தது.