உழைப்பாளி கொடுத்த வெள்ளி

சங்கத்தின் பொன்விழா ஆண்டில், சங்கம் பிறப்பதற்கு முன்பு நடந்த ஒரு நிகழ்வை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க விரும்புகிறோம்.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கி வந்தது. அங்கு இந்திய ஆய்வியல் துறை அமைக்கப் பேச்சு நடந்தபோது, முதலிடம் சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற வாதம் எழுந்தது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக வாதாடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். சாதாரண உழைப்பாளிகள் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். 1956இல் துறை தொடங்கியது. தமிழும் அதில் இடம்பெற்றது. பின்னர் துறை கோலாலம்பூருக்கு வந்தது. 1961இல் தனிநாயகம் அடிகளார் அதன் பொறுப்பை ஏற்றார். 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

வாதாடியவர் சுயமரியாதைக் கொள்கையினர். வளர்த்தவர் கத்தோலிக்கத் துறவி. சீறாப்புராணம் தந்த உமறுப் புலவரின் மொழிக்குரிய அத்துறையில் நமக்கும் உரிமை உண்டு.

ஆனால் ரந்தாவ், லாபு, பகாவ் பக்கத் தோட்டங்களிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த பிள்ளைகள் மிகச் சிலரே. அன்று தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்தால், பயிற்றுமொழி மாறியதால் இடைநிலைப்பள்ளியில் முதலில் ஓராண்டு புகுமுக வகுப்பு இருந்தது. பள்ளியோ பட்டணத்தில். பஸ் காசு, புதுச் சீருடை, கூடுதலாக ஓராண்டுச் செலவு. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய் தகப்பனுக்கு அது பெரும் பாரம். பல பிள்ளைகள் அந்த ஆண்டோடு நின்று, மங்கு துடைக்கப் போனார்கள். தோட்டத்து முனையில் மளிகைக் கடை வைத்திருந்த நம்மவர்களுக்கு, எந்த வீட்டில் நோட்டுப் புத்தகம் வாங்குவது நின்றது என்பது முதலில் தெரிந்துவிடும்.

தெரிந்தும் நாம் பிந்திவிட்டோம். தொடக்கத்தில் நம் சங்கம் பல்கலைக்கழக இடம் கிடைத்தவர்களுக்கே உதவித்தொகை கொடுத்தது. மேடையில் மாலை போட்டு மகிழ்ந்தோம். அது நல்ல காரியம்தான். ஆனால் பதின்மூன்று வயதில் படிப்பை விட்ட பிள்ளைக்கு அந்த நிதியால் பயன் இல்லை. பஸ் செலவுக்கும் மாலை வகுப்புக்கும் உதவத் தொடங்கிய பிறகே, நம் பிள்ளைகள் ஐந்தாம் படிவம் வரை நிலைத்தார்கள்.

அன்று வெள்ளி கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள் மிதிக்க வேண்டுமானால், உதவி புகுமுக வகுப்பிலேயே தொடங்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஐம்பதாண்டில் நம் சங்கத்தின் முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.