விசையும் வழக்கும்

கணக்கெழுதுவோர்க்கு எக்காலத்தும் இரண்டு வேலைகள் உண்டு. தொகையைப் பிழையின்றி எழுதுதல் ஒன்று. எழுதியதைப் பிறர் கண்டவுடன் அறிந்துகொள்ளும்படி வடிவப்படுத்துதல் மற்றொன்று. வரவு ஒரு பத்தியிலும் பற்று ஒரு பத்தியிலும் நிற்றல் வேண்டும். தலைப்பு தடித்திருத்தல் வேண்டும். கூட்டுத்தொகையின் கீழ் இரட்டைக் கோடு விழுதல் வேண்டும். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையின் சிறு கடை முதல் ராஃபிள்ஸ் பிளேஸின் வங்கி வரை இவ்வேலை இன்று பெரும்பாலும் கணினியின் விரிதாளில் நடைபெறுகிறது. கூட்டலையும் கழித்தலையும் கணினியே செய்துவிடுகிறது. வடிவப்படுத்தும் வேலையோ இன்னும் பெரிதும் மனித விரலையே நம்பி நிற்கிறது. ஒரே வகைக் கட்டத்துக்கு ஒரே வகைத் தடிப்பும் நிறமும் கோடும் நாள்தோறும் பன்முறை இடவேண்டியிருக்கிறது. இப்பல செயல்களை ஒரே விசைக்குள் அடக்கி வைக்கும் முறைக்கு 'மேக்ரோ' என்று பெயர்.

இது கணினியோடு தோன்றிய புதுமை என்று கருதுவார் பலர். ஆனால், 'பல செயலுக்கு ஒரு குறி' என்னும் எண்ணம் தமிழ்க் கணக்கர்க்குப் பழையது. சிங்கப்பூருக்கும் அவ்வரலாற்றில் தனி இடம் உண்டு.

கணக்கர் குறிகள்

சிங்கப்பூரில் 'மார்க்கெட் ஸ்திரீட்' என்று வழங்கும் தெருவைத் தமிழர் செட்டித் தெரு என்றே அழைத்தனர். நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் ஒரு காலத்தில் அங்கே வரிசையாக இருந்தன. ஒரே கிட்டங்கியில் பல நிறுவனங்கள் தத்தம் பெட்டகமும் கணக்குமேசையுமாகத் தொழில் நடத்தின. கணக்கெல்லாம் தமிழிலேயே எழுதப்பட்டது. குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என அது படிப்படியாகச் செல்லும்.

தமிழ்க் கணக்கேடுகளைப் பார்ப்போர் அவற்றில் சில விந்தையான குறிகளைக் காண்பர். ௳ என்பது நாள். ௴ என்பது மாதம். ௵ என்பது வருடம். ௶ என்பது பற்று. ௷ என்பது வரவு. ௸ என்பது மேற்படி. ௹ என்பது ரூபாய். ௺ என்பது இலக்கம். ஒரு பக்கத்தில் இருபது முறை வரும் சொல்லை இருபது முறையும் முழுமையாக எழுதக் கணக்கர் விரும்பவில்லை. எழுத்துகளைக் கோத்து, கையெடுக்காமல் எழுதும் ஒரே வடிவாக ஆக்கிக்கொண்டனர். இன்னார் படைத்தார் என்று இவற்றுக்கு ஒரு பெயரும் வழங்கவில்லை. தொழில் செய்த கை தன் களைப்பைக் குறைக்கக் கண்ட வழிகள் இவை. ஆயினும், காரைக்குடியில் எழுதிய ௷ பினாங்கிலும் இரங்கூனிலும் சிங்கப்பூரிலும் 'வரவு' என்றே படிக்கப்பட்டது என்பது கருதத்தக்கது. குறி சுருங்கியது, அதன் பொருளோ எல்லார்க்கும் பொதுவாயிற்று.

நகரா விசை

அடுத்த படி தட்டச்சுப் பொறியால் வந்தது. அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனம் 1874இல் தட்டச்சுப் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1878இல் வந்த இரண்டாம் பொறியில் 'ஷிஃப்ட்' விசை அமைந்தது. ஒரு விசையில் இரண்டு எழுத்துகள் இடம்பெற்றன. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். ஏறத்தாழ 46 விசைகளுள் இவற்றை அடக்குவது எப்படி?

இவ்வினாவுக்கு விடை கண்டவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்தவர். 1907இல் மலாயாவுக்குக் கப்பலேறியவர். அங்கே வணிக நிறுவனமொன்றில் 1930 வரை எழுத்தராகப் பணியாற்றியவர். அவர் பொறியியல் கற்றவர் அல்லர். நாள் முழுவதும் ஆங்கிலத் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்திருந்தவர். அதனாலேயே எங்கே விரல் வீணாகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எழுத்தின் மேலே குறியிட வேண்டிய ஐரோப்பிய மொழிகளுக்கு முன்னரே ஒரு வழி இருந்தது. குறிக்குரிய விசையைத் தட்டினால் குறி தாளில் விழும். தாளைத் தாங்கும் உருளை நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அக்குறியின் கீழேயே வந்து அமையும். முத்தையா இம்முறையைத் தமிழுக்கு இசைவித்தார். புள்ளியும் மேல்விலங்கும் தனித்தனி விசையாயின. ஒரு புள்ளி விசை எல்லா மெய்களுக்கும் பயன்பட்டது. இதனைத் தமிழில் 'நகரா விசை' என்பர். முத்தையாவின் பொறிகள் ஜெர்மனியில் செய்விக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. அவ்விசையமைப்பைத் தழுவிய பொறிகளில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மலாயாவிலும் தட்டச்சாளர் பல தலைமுறையினர் பயின்றனர்.

'தட்டச்சுக்கு மாற்று'

தட்டச்சுப் பொறியில் விசையின் வேலை இரும்பில் வார்க்கப்பட்டது. தொழிலாளி அதனை மாற்ற இயலாது. கணினியில் அந்நிலை மாறியது. 1979இல் டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் என்னும் இருவர் 'விசிகால்க்' என்னும், தனிக்கணினிக்குரிய முதல் விரிதாள் மென்பொருளை ஆப்பிள் 2 கணினிக்காக வெளியிட்டனர். பேரேட்டின் பத்தியும் வரியும் திரையில் தோன்றின. 1983இல் 'லோட்டஸ் 1-2-3' வந்தது. மேக்ரோ என்பது வணிக உலகெங்கும் பரவியது இதனால்தான்.

லோட்டஸின் மேக்ரோ மிக எளியது. ஒருவர் விசைப்பலகையில் தட்டுவதையே அப்படியே ஒரு கட்டத்தில் எழுதி வைப்பார். கட்டளைப் பட்டியலைத் திறக்கும் சாய்கோடு; பிறகு பரப்பு, வடிவம், நாணயம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து மூன்று; தசம இடத்துக்கு 2; முடிவில் 'என்டர்' இருமுறை. இவ்வளவையும் கோத்து ஓர் எழுத்தைப் பெயராகச் சூட்டிவிட்டால், பின்னர் 'ஆல்ட்' விசையோடு அவ்வெழுத்தை அழுத்தினால் போதும். கட்டத்தில் உள்ள எண் நாணயத் தொகையாக வடிவம் கொள்ளும். தொடக்கத்தில் இவ்வசதிக்கு 'தட்டச்சுக்கு மாற்று' என்னும் பொருளுடைய பெயரையே அந்நிறுவனம் இட்டிருந்தது. கணக்கர் ௷ எழுதியதன் நோக்கமும் இதுவே.

பின்னர் எக்செல் மேலோங்கியது. 1985இல் மேக்கின்டாஷ் கணினிக்கும் 1987இல் விண்டோஸுக்கும் அது வந்தது. 1993இல் 'விஷுவல் பேசிக்' மொழி அதனுள் சேர்க்கப்பட்டது. இன்று மேக்ரோ செய்ய நிரல் எழுதக் கற்றிருக்க வேண்டுவதில்லை. வடிவப்படுத்த வேண்டிய கட்டத்தை முதலில் தேர்ந்துகொண்டு, பதிவைத் தொடங்கி, தடிப்பு, நிறம், நடுநிறுத்தம், இரண்டு தசமம், அடிக்கோடு ஆகியவற்றை ஒருமுறை செய்து, பதிவை நிறுத்தினால் அவ்வைந்தும் ஒரு மேக்ரோவாகும். 'கண்ட்ரோல்', 'ஷிஃப்ட்' இரண்டோடும் ஓர் எழுத்தைச் சேர்த்து அதற்கு விசையாக்கலாம். கட்டத்தைத் தேர்வதைப் பதிவுக்கு முன்னரே செய்தல் வேண்டும் என்பது நினைவிற்குரியது. பதிவு தொடங்கியபின் தேர்ந்தால், எந்தக் கட்டத்தில் நின்று விசையை அழுத்தினாலும் வழக்கமாக அந்தப் பழைய கட்டமே வடிவம் மாறும்.

கணியன் செய்த வேலை

விரிதாளில் ஆங்கில எண்ணும் எழுத்தும் இவ்வாறு விரைந்துகொண்டிருந்தபோது, தமிழ் எழுதுவோர் வேறொரு தொல்லையில் இருந்தனர். 1980களிலும் 1990களிலும் தமிழ் மென்பொருள்கள் பல தோன்றின. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துரு, ஒரு குறியேற்றம், ஒரு விசையமைப்பு. ஒருவர் தட்டியது மற்றவர் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. ஒன்றில் பழகிய விரல் மற்றொன்றில் தடுமாறியது.

இந்நிலையில் சிங்கப்பூரில் முனைந்தவர் நா. கோவிந்தசாமி. 1946இல் பிறந்த அவர் சிறுகதை ஆசிரியர். தமிழாசிரியராக இருந்து தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளரானவர். அவர் உருவாக்கிய மென்பொருளுக்குக் கணியன் பூங்குன்றனாரை நினைவூட்டும் 'கணியன்' என்னும் பெயரை இட்டார். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிக் கவிதைகளும் இணையத்தில் ஏற்றப்பட்டபோது, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ முதலியோருடன் இணைந்து தமிழ்ப் பக்கங்களை அமைத்தவர் அவரே. 1997 மே மாதத்தில் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியதும் அவருடைய முயற்சியாலேயே. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டை ஒட்டி 'தமிழ்99' என்னும் பொது விசைப்பலகை வரையறுக்கப்பட்டுத் தமிழ்நாட்டரசின் ஏற்பையும் பெற்றது. கணியனின் ஒலிமுறை அமைப்போடு அதற்குள்ள நெருக்கத்தை அறிஞர் சுட்டுவர். அவ்வாண்டு மே மாதத்திலேயே கோவிந்தசாமி காலமானார்.

தமிழ்99இன் அமைப்பைத் தமிழாசிரியர் ஊன்றி நோக்குதல் நன்று. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். க, ஒ என்று இரண்டு விசையைத் தட்டினால் 'கொ' வரும். பழைய தட்டச்சிலோ கொம்பு, க, கால் என்று மூன்று விசைகள். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கை சென்றது. தமிழ்99இல் நாவின் வரிசையில் கை செல்கிறது. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்னும் இலக்கணமே அங்குத் தொழிற்படுகிறது.

இதனினும் நுட்பமானது புள்ளி பற்றிய விதி. அ, ம, ம, ஆ என நான்கு விசைகளைத் தட்டினால் 'அம்மா' என்று வருகிறது. புள்ளிக்குத் தனி விசை தட்டுவதில்லை. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலெழுத்துக்குப் புள்ளி தானே அமைகிறது. அவ்வாறே ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்னும் இனவெழுத்து இணைகளிலும் மெல்லினம் தானே புள்ளி பெறுகிறது. உடனிலை மெய்ம்மயக்கமும் வேற்றுநிலை மெய்ம்மயக்கமும் என்று வகுப்பில் நாம் கற்பிப்பதன் ஒரு கூறு இங்கே விரல்நுனியில் உயிர் பெற்றிருக்கிறது. 'பப்பாளி' போல, முதலில் அகரம் ஏறிய எழுத்தை அடுத்து அதே மெய் வருமிடத்தில், முதல் எழுத்தின்பின் 'அ' விசையைத் தட்டித் தானியங்கும் புள்ளியைத் தடுத்துக்கொள்ளலாம். மொழியில் அடிக்கடி வருவதற்கு உழைப்பில்லை. அருகி வருவதற்குச் சிறிது உழைப்பு உண்டு. நல்ல மேக்ரோவுக்கும் இதுவே இலக்கணம்.

தனிவழக்கும் பொதுவழக்கும்

இவ்வரலாற்றில் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. கணக்கர் குறியும் முத்தையாவின் விசையும் தமிழ்99இன் விதியும் பலர்க்குப் பொதுவாயின. விரிதாளின் மேக்ரோ பெரும்பாலும் ஒருவர்க்கே உரியதாக நின்றுவிடுகிறது. எல்லாக் கோப்பிலும் பயன்பட வேண்டுமென்று அதனை எக்செலின் தனி மேக்ரோ ஏட்டில் சேமிப்பவர் உண்டு. அவ்வேடு அந்தக் கணினியிலேயே தங்கிவிடுகிறது. எழுத்தர் வேறிடம் போனால் அவர் விசையும் அவரோடு போகிறது. அவ்விடத்துக்கு வரும் புதியவர்க்கு அட்டவணை மட்டும் கிடைக்கிறது. அதனை அமைத்த வழி கிடைப்பதில்லை.

இன்னும் சில இடர்கள் உள. நகலெடுக்கும் விசைக்கே ஒருவர் தம் மேக்ரோவைச் சூட்டினால், அது திறந்திருக்கும் வரை நகலெடுத்தல் அவ்விசையால் நிகழாது. மேக்ரோ செய்த மாற்றத்தை 'அன்டூ' கொண்டு திருப்ப இயலாது. அதற்கு முன் செய்தவற்றைத் திருப்பும் வழியும் அடைபட்டுவிடும். மேக்ரோவுக்குள் தீங்கு நிரலை மறைத்து அனுப்பும் வழக்கமும் 1990களிலேயே தோன்றிவிட்டது. 2022 முதல், இணையத்தின் வழி வந்த கோப்பின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுத்து வைக்கிறது. எனவே, ஒருவர் அனுப்பும் மேக்ரோவை மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதும் கூடாது.

பின்னர் என் செய்வது? விசை தனியாருடையதாயினும் வழக்கைப் பொதுவாக்கலாம். ஒரு பள்ளியின் தமிழ்த்துறையில் ஆசிரியர் பலர் மதிப்பெண் பட்டியல் அமைக்கின்றனர் என்று கொள்வோம். தலைப்புக்கு ஒரு விசை, தவறிய மதிப்பெண்ணுக்கு ஒரு விசை, கூட்டுத்தொகைக்கு ஒரு விசை என மூன்றை மட்டும் எல்லாரும் கூடி வரையறுத்து, எந்த விசை எதனைச் செய்யும் என்பதை அப்பட்டியலின் முதல் தாளிலேயே தமிழில் எழுதி வைத்தல் போதும். மேக்ரோ தாங்கும் கோப்பாக அதனைச் சேமித்தால் விசையும் பட்டியலோடு செல்லும். அடுத்த ஆண்டு வரும் ஆசிரியர் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

௷ முதலிய குறிகள் இன்று கையெழுத்தில் அருகிவிட்டன. ஆயினும் 2003இல் யூனிகோடு நான்காம் பதிப்பில் அவற்றுக்கு இடம் கிடைத்தது. பல ஊர்க் கணக்கர் அவற்றை ஒரே பொருளில் ஆண்டு, ஏடுகளில் விட்டுச் சென்றமையால்தான் பின்வந்தோர் அவற்றை இனங்கண்டு இடம் தர இயன்றது. தமக்கென மட்டும் குறி வகுத்துக்கொண்ட கணக்கரும் இருந்திருப்பர். அவர் குறி அவரோடு மறைந்திருக்கும். விரிதாளின் முன் அமர்ந்து விசை வகுக்கும் இன்றைய தமிழர்க்கும் இவ்விரண்டு வழிகளே உள்ளன. வகுத்ததை எழுதி வைத்தலும், உடனிருப்போர்க்குக் கற்பித்தலும் சிறிய செயல்களே. முத்தையாவின் உழைப்பும் கோவிந்தசாமியின் உழைப்பும் நமக்கு வந்து சேர்ந்தது அச்செயல்களாலேயே ஆகும்.