உறைக்கு மேலே எழுதியது

தபால் கார்டில் இரகசியம் கிடையாது. 1879-இல் காலணாவுக்கு அது இந்தியாவில் விற்பனைக்கு வந்த நாள் முதல், பிரிப்பவர், கொண்டு கொடுப்பவர், வாங்கும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் என்று எல்லாரும் படிக்கலாம். என் உத்தியோகக் காலம் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலுமாக, தபால் தந்தி கவுண்டருக்குப் பின்னால் கழிந்தது. கார்டைத் திருட்டுத்தனமாகப் படித்தவர்களைவிட, "கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சார்" என்று நீட்டியவர்கள்தான் அதிகம். மறைக்க வேண்டியதை யாரும் கார்டில் எழுதவில்லை. அதற்கு 1950-இல் வந்த இன்லண்ட் லெட்டர் இருந்தது.

ஒட்டிய கடிதமும் பேசும். மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம், காதுகுத்து. கறுப்பு மை என்றால் கருமாதி. பம்பாய் முத்திரையோடு மாதாமாதம் ஒரே கையெழுத்தில் ஒரு பெண்ணின் பெயருக்கு உறை வந்தால், பிரித்துப் பார்த்தா தெருவுக்குத் தெரிய வேண்டும்? தந்தி இன்னும் மோசம். தந்திச் சேவகரின் சைக்கிள் வாசலில் நின்றதுமே உள்ளே அழுகை கிளம்பிவிடும். பிரித்தால் பையனுக்கு வேலை கிடைத்த சேதியாக இருக்கும்.

தந்தியில் வார்த்தைக்கு வார்த்தை காசு, வாசகமும் பெரும்பாலும் இங்கிலீஷில். "அப்பாவுக்கு முடியல, உடனே வரச் சொல்லணும்" என்று வருபவருக்கு நாங்களே எழுதிக் கொடுப்போம். ஆக ஒரு வீட்டுச் சமாச்சாரம் எழுதியவர், அடித்தவர், அந்தப் பக்கம் எடுத்தவர், கொண்டுபோனவர் என்று நாலு கை மாறித்தான் போய்ச் சேரும். அந்த நாலு வாயையும் கட்டியது 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டம். சட்டவிரோதமாக வெளியே சொன்னால் மூன்று வருடம் வரை சிறை. அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு, அரசாங்கம் கேட்டால் செய்தியை எடுத்துக் கொடுக்கவும் வழி வைத்திருந்தது. 1898 அஞ்சல் சட்டத்தின் 26-ஆம் பிரிவும் அப்படித்தான். அந்தப் பிரிவை இன்னும் அகலமாக்க 1986-இல் ஒரு மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்துப் போடாமல் வைத்துக்கொண்டார். அவரைப் பற்றி ஆயிரம் சொல்வார்கள். இந்த ஒரு காரியத்துக்காக எனக்கு அவர்மேல் மரியாதை.

வியாபாரிகள் சட்டத்தை நம்பி உட்காரவில்லை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய ஊர் இது. பஞ்சு விலை ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்தவனுக்கு லாபம். உலகமெங்கும் வணிகர்கள் 1906-இல் வந்த பென்ட்லியின் சங்கேதப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு வாக்கியத்தை ஐந்தெழுத்தில் அடக்கினார்கள். அதில் இரகசியத்தைவிடக் காசு மிச்சம்தான் பெரிய நோக்கம். நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் புத்தகமே தேவைப்படவில்லை. தரகர் துண்டைப் போட்டு மூடி, அதற்கு அடியில் விரலைப் பிடித்து விலை சொல்வார். எத்தனை விரல் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். யார் கையை யார் பிடித்திருக்கிறார் என்பது சந்தைக்கே தெரியும்.

2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப்பில் இருப்பதும் அந்தத் துண்டுதான். செய்தி அனுப்புகிற போனிலேயே பூட்டிக்கொண்டு கிளம்புகிறது, வாங்குகிற போனில்தான் திறக்கிறது; நடுவில் கம்பெனியாலும் படிக்க முடியாது. ஆனால் யார் யாரோடு, எப்போது பேசினார்கள் என்பது கம்பெனிக்குத் தெரியும். எங்கள் காலத்தில் உறைக்கு மேலே எழுதியதைப் பார்த்த குமாஸ்தா சாயங்காலம் டீ குடிக்கும்போது மறந்துவிடுவார். கம்ப்யூட்டருக்கு அந்த நல்ல குணம் கிடையாது. சிக்னல் செயலி அந்த விவரத்தையும் முடிந்தவரை வைத்துக்கொள்வதில்லை என்கிறார்கள். உண்மைதான்; எங்கள் தெருவில் அதில் ஒருவரும் இல்லையே, யாருக்கு அனுப்புவது?

பூட்டுக்கு விலை உண்டு. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், பிள்ளை பிடிக்க வந்தவர் என்று வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றது. அந்த வருடம்தான், சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்கு வந்தது. போகப் போக அது, ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற வாதமாக மாறியது. செய்தியோடு முதல் ஆளின் அடையாளத்தையும் சேர்த்தே அனுப்பலாம் என்றார் சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி. மும்பை ஐஐடியின் மனோஜ் பிரபாகரன் மறுத்தார். வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021-இல் மத்திய அரசின் விதிகளே முதல் ஆளைக் காட்டச் சொல்ல, வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தது.

நாலு கை மாறிய சேதியைப் பார்த்தவன் என்ற முறையில் நான் பூட்டின் பக்கம். வேறெங்கோ வந்த பொய்யை அப்பாவி ஒருவர் எடுத்துப் புதிதாக அனுப்பினால், கணக்குப்படி அவர்தானே முதல் ஆள்?

தந்தி 2013 ஜூலை 14 இரவோடு நின்றுபோனது. அதில் ஒரு சௌகரியம் இருந்தது: விலை பேசியதற்குக் காகிதம் கையில் இருக்கும். எனக்குத் தெரிந்த பஞ்சுத் தரகர் ஒருவர், தானாக மறையும் செய்தியாக வாட்ஸ்அப்பை வைத்திருந்தார். விலையில் தகராறு வந்தபோது காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் சேமிக்க ஆரம்பித்தார். சேமிப்புக்கும் தனியாகப் பூட்டுப் போட வேண்டும், 2021-இலிருந்து அந்த வசதி இருக்கிறது, ஆனால் கடவுச்சொல் மறந்தால் கம்பெனியாலும் திறந்து தர முடியாது என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். கடைக்குப் போனதும் பேரேட்டின் முதல் பக்கத்தில், பிள்ளையார் சுழிக்குக் கீழே, பெரிய எழுத்தில் அந்தக் கடவுச்சொல்லை எழுதி வைத்துவிட்டார்.