துடுப்பு வலித்தோர்

மூலக்கொத்தளம் என்னும் பெயர், கருப்பர் நகரத்தைச் சூழ்ந்திருந்த மதிலின் கொத்தளத்தை நினைவூட்டுகிறது, மதிலோ பெரும்பாலும் மறைந்தது. அதன் கிழக்கே, துறைமுகம் எழாத காலத்துக் கடற்கரையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒளிப்படங்களில் காணலாம். கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளே அலைகடந்து சரக்கையும் மக்களையும் கரைசேர்த்தன. பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்தமையால், அலை மோதுகையில் அவை நெகிழ்ந்து கொடுத்தன. பின்னர் எழுப்பிய துறைமுகச் சுவரையோ 1881 நவம்பர்ப் புயல் சிதைத்துவிட்டது.

இப்படங்களின் கீழ் ஒளிப்பட நிலையத்தின் பெயர் உண்டு. துடுப்பு வலித்தோர் பெயர் பெரும்பாலும் இல்லை. கொடையளித்தோரைப் பெயரிட்டுப் போற்றுவதில் சமண மரபு மிகத் தொன்மையானது. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே, மதுரையை அடுத்த அழகர்மலைக் குகையில், கொடையளித்த உப்பு வணிகன், கொழு வணிகன் ஆகியோரின் பெயர்கள் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டன.