காலை முதல் ஸ்டார்ட்

சென்னைக்குத் தெற்கே உள்ள கேளம்பாக்கத்தில் தை மாத விடியலில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பனி உறையும் நாடுகளின் குளிரை இந்தக் கடற்கரை அறியாது. ஆனாலும் பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் பட்டறையில் சொல்லும் புகார்களில் ஒன்று எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது: "காலையில முதல் ஸ்டார்ட்ல கடகடங்குது, அப்புறம் அடங்கிடுது." இங்கே கோல்டு ஸ்டார்ட் என்பது தட்பவெப்பம் பற்றிய பேச்சே அல்ல. வண்டி இரவு முழுக்க நின்றிருக்கிறது, ஆயில் எல்லாம் கீழே சம்ப்பில் வடிந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். சாவியைத் திருப்பி, ஆயில் மறுபடி மேலே ஏறும்வரை உலோகத்தோடு உலோகம் உரசும் அந்தச் சில நொடிகளைக் காதால் படிப்பது ஒரு தொழில்நுட்பம். கருவி வாங்க வசதியில்லாதவர்களின் கைவைத்தியம் என்று அதை ஒதுக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

இந்தப் பகுதிக்கு எஞ்சின் வந்த வழியைப் பார்த்தால் இது விளங்கும். 1806-ல் வெட்டத் தொடங்கி, 1876–78 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக நீட்டிக்கப்பட்ட பக்கிங்ஹாம் கால்வாயில்தான் உப்பும் விறகும் சென்னைக்குப் போயின. கழி ஊன்றியும் கயிறு கட்டி இழுத்தும் நகர்ந்த படகுகள் அவை. 1965, 1966-ல் வந்த புயல்கள் கால்வாயைச் சிதைத்தபோது, அந்தச் சுமையை லாரிகள் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தன. லாரியும் வேனும் தொலைவிலிருந்து வரவில்லை. குதிரை வண்டி கட்டிப் பெயர்பெற்று, 1903-ல் நீராவிக் கார் செய்து பார்த்த சிம்சன் நிறுவனம் பின்னாளில் சென்னையிலேயே பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைத் தயாரித்தது. 1948-ல் தொடங்கி எண்ணூரில் ஆலை வைத்த அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. கேளம்பாக்கத்திலிருந்து மேற்கே போகும் சாலையின் மறுமுனையான வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1988 வரை இயங்கியது. ஹெரால்டு, கெஸல் கார்களோடு ஸ்டாண்டர்டு 20 என்ற சிறு சரக்கு வேனும் அங்கே உருவானது.

புது வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அதனால் எந்த எஞ்சினும் எளிதில் ஓய்வு பெறவில்லை. சிலிண்டரைப் போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் மாற்றி, கிராங்க் கடைந்து, சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடி எடுத்த பாகத்தைப் பொருத்தி மறுபடியும் ஓட்டினார்கள். இரண்டு முறை பிரித்துப் பூட்டிய எஞ்சினுக்குக் கம்பெனிக் கையேட்டின் அளவுகள் முழுதாகப் பொருந்தா. அது நேற்று எழுப்பிய சத்தத்தோடு இன்றைய சத்தத்தை ஒப்பிடுவதே நம்பகமான அளவுகோல். காதுப் பழக்கம் வேரூன்றியது இந்த மறுபிறப்பு வண்டிகளிடம்தான் என்பது என் முடிவு. 2005-ல் 702 சிசி இரண்டு சிலிண்டர் டீசலோடு டாடா ஏஸ் வந்து, ‘குட்டி யானை’ என்று பெயர் வாங்கி, கை மாறிக் கை மாறி மீன், செங்கல், தண்ணீர் கேன் என்று சுமக்கத் தொடங்கியபோது அதே தேவை புதிதாகப் பிறந்தது.

அந்தக் கடகடப்பைப் பிரித்தறிவதில் இருக்கும் தர்க்கம் எளியதல்ல. இரண்டு மூன்று நொடியில் அடங்கினால், ஆயில் ஃபில்டரில் எண்ணெயைத் தங்கவைக்கும் வால்வு பழுதாகியிருக்கலாம், அல்லது டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கலாம். மேல்பக்கத்தில் டிக்டிக்கென்று கிராங்க் வேகத்தில் பாதியாக ஒலித்தால் டேப்பட். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்றுத்தான் சுற்றும். சில நிமிடம் அடித்துப் பிறகு மெல்ல மறைந்தால் பிஸ்டன் ஸ்லாப்: வார்ப்பிரும்புச் சிலிண்டரைவிட அலுமினியப் பிஸ்டன் விரைவாக விரிந்து இடைவெளியை மூடிவிடுகிறது. மாறாக, சூடேறி ஆயில் இளகிய பிறகும் அடி ஓங்கினால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும், வண்டியை ஓட்டக்கூடாது. டீசலுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. குளிர்ந்த சிலிண்டரில் டீசல் பற்றத் தாமதமாகி, பிறகு ஒரேயடியாக எரிவதால் வரும் நாக்கிங் ஓரளவுக்கு இயல்பே. அதையும் பழுதையும் பிரிக்க, இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்தச் சிலிண்டரை நிறுத்தினால் அடி நிற்கிறது என்று பார்த்தார்கள். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து நுனியால் எஞ்சினைத் தொட்டுக் கேட்டார்கள். 1816-ல் பாரிஸ் மருத்துவர் லெனெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதும் இதே வகைதான். தெற்கே மாமல்லபுரத்தில் சிற்பிகள் உளி வைக்குமுன் கல்லைத் தட்டி, மணிபோல ஒலிக்கிறதா, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று தேர்கிறார்கள். ஒலியை வைத்து உட்புறத்தை அறிவது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. ஆனால் கல் தட்டும்போதெல்லாம் பதில் சொல்லும். ராத்திரி ஆறிய எஞ்சின் காலையில் ஒரு முறைதான் சொல்லும்.

ஸ்கேனர் இருக்கும்போது காது எதற்கு என்று கேட்பவர்களின் வாதத்தில் வலு இருக்கிறது. பின்னாளில் வந்த வண்டிகளில் தன்பழுதைத் தானே பதியும் அமைப்பு கட்டாயமாயிற்று. 2020-ல் பிஎஸ்-6 வந்தபின் சென்சார்கள் பெருகின. காமன் ரயில் எஞ்சினில் பைப் நட்டைத் தளர்த்தும் பழைய முறை இன்று உயிருக்கே ஆபத்து: ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அந்தச் சோதனையை இனி ஸ்கேனர்தான் செய்ய வேண்டும். ஆனால் சென்சார் தனக்கு வரும் மின்குறியைத்தான் பதிகிறது. செயின் நீண்டு கேமுக்கும் கிராங்குக்கும் பொருத்தம் தவறும்போது ஸ்கேனர் பழுதுக் குறியீடு காட்டும். டென்ஷனர் மூன்று நொடி தளர்ந்து மீண்டால் பெரும்பாலும் எதையும் காட்டாது. ஃபில்டர் வால்வுக்குச் சென்சாரே இல்லை.

காது ஏமாறும் என்பது இன்னொரு வாதம். ஏமாறத்தான் செய்கிறது. உப்புக் காற்றில் துருப்பிடித்த சைலன்சரின் வெப்பத் தகடு தளர்ந்து அதிர்ந்தால் எஞ்சின் அடிப்பது போலவே கேட்கும். அதை நம்பி எஞ்சினைப் பிரித்தால் வண்டிக்காரரின் ஒரு மாதச் சம்பாத்தியம் போய்விடும். அதற்கு மாற்று, கேட்பதை ஒழுங்குபடுத்துவதே. வண்டியை இரவு பட்டறையிலேயே நிறுத்தி, காலையில் முதல் ஸ்டார்ட்டைக் கேட்டு, விலை குறைந்ததிலிருந்து தொடங்கி ஒன்றை மட்டும் மாற்றி, மறுநாள் அதே நேரத்தில் மறுபடியும் கேட்க வேண்டும். தகட்டை இறுக்குவது, ஆயிலையும் நல்ல ஃபில்டரையும் மாற்றுவது, டேப்பட் இடைவெளியை ஃபீலர் கேஜில் அளப்பது எல்லாம் முடிந்த பிறகுதான் எஞ்சினில் ஸ்பேனர் வைக்கலாம்.

இந்த ஒரு சத்தத்தை மறைப்பது விற்பவருக்கு மிக எளிது. வாங்குபவர் வருமுன் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும், கேட்க எதுவும் மிஞ்சாது. ஆகவே பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாவியை வாங்குமுன் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். மறுநாள் விடியற்காலையில், சொல்லாமல் போங்கள்.