முன்பள்ளியின் முதல் நாள்: பிள்ளையின் கையைப் பிடித்திருப்பவருக்கும் ஆயத்தம் வேண்டும்

தை மாதம் நெருங்கும்போது நெல்லியடிச் சந்திக் கடைகளில் சின்னஞ்சிறு புத்தகப் பைகள் தொங்கத் தொடங்கிவிடும். பை, தண்ணிப் போத்தல், சாப்பாட்டுப் பெட்டி, சப்பாத்து என்று மூன்று வயதுப் பிள்ளைக்கு வேண்டியதையெல்லாம் ஒரே பின்னேரத்தில் வாங்கி முடித்துவிடலாம். இந்தப் பகுதியில் பல ஆண்டுகள் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். முதல் நாள் காலையில் இந்தப் பொருட்களால் ஒரு பிரச்சினையும் வருவதில்லை. வாசலில் கையை விடும்போதுதான் பிரச்சினை தொடங்கும். விட முடியாமல் நிற்பவர் பல வேளைகளில் அம்மா, அல்லது அம்மம்மா.

எங்கள் ஊரில் அதற்குக் காரணம் இருக்கிறது. 1987 மே மாதம் 'ஒப்பரேஷன் லிபரேஷன்' இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது கைக்குழந்தையோடு கோயில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஓடிய இளம் தாய்மார் இன்று அம்மம்மாமார், அப்பம்மாமார். அந்த நாட்களில் வடமராட்சியில் பிடிக்கப்பட்ட பெருந்தொகையான இளைஞர்கள் கப்பலில் ஏற்றப்பட்டு, காலிக்கு அருகேயுள்ள பூசா முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். நெல்லியடி மத்திய மகா வித்தியாலயம் இராணுவ முகாமாக இருந்தது. யூலை 5 ஆம் திகதி வெடிமருந்து லொறி மோதியதும் அங்கேதான். 1995 செப்ரெம்பர் 22 இல் நாகர்கோவில் பாடசாலை மீது விமானக் குண்டு விழுந்தபோது பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் வகுப்பறைகளே பலருக்கு வீடாயின. இன்று முன்பள்ளிக்குப் பிள்ளையைக் கூட்டி வரும் தாய்மாரில் சிலர் அப்படி இடம்பெயர்ந்த இடங்களில் தவழ்ந்தவர்கள். இன்னும் சிலர் 2009 இல் வன்னியிலிருந்து முகாம் வழியாக வந்தவர்கள்.

ஆகவே 'போட்டு வாறன்' என்பது சில வீடுகளில் இலேசான சொல் அல்ல. அப்படிச் சொல்லிவிட்டுப் போன மாமாவின் படம் மாலை போடாமல் சுவரில் தொங்கும் வீட்டிலிருந்துதான் இந்தப் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் அன்னா பிராய்ட், டொரதி பேர்லிங்ஹாம் என்ற இரு பெண்கள் ஹம்ஸ்ரெட் பகுதியில் போர்க்காலக் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களை நடத்தினார்கள். தாங்கள் கண்டவற்றை 1943 இல் நூலாகவும் வெளியிட்டார்கள். குண்டுவீச்சின்போது தாய் நிதானமாக இருந்தால் சிறு பிள்ளை பெரும்பாலும் சமாளித்துக்கொண்டது; தாய் நடுங்கினால் பிள்ளையும் நடுங்கியது. பாதுகாப்புக்காகத் தாயிடமிருந்து பிரித்து அனுப்பியது, குண்டுச் சத்தத்தை விடக் கூடுதலாகப் பிள்ளைகளைப் பாதித்தது என்றும் எழுதினார்கள். அங்கே வேலை செய்த ஜேம்ஸ் றொபேட்சன் பின்னர் வைத்தியசாலையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் பிடித்தார். 1952 இல் வெளியான அந்தப் படம், பிரித்தானிய வைத்தியசாலைகள் பெற்றோரைப் பிள்ளையோடு இருக்க விடும் நிலை உருவாவதற்குத் துணை செய்தது.

எங்கள் மூன்று வயதுப் பிள்ளைக்குப் பூசாவும் தெரியாது, நாகர்கோவிலும் தெரியாது. அதற்குத் தெரிவது கூட்டி வருபவரின் முகமும், கை இறுகுகிற விதமும்தான். அதனால் முதலில் வீட்டில் பேசித் தீர்மானிக்க வேண்டியது, முதல் வாரம் யார் கூட்டிக்கொண்டு போவது என்பதை. யாருக்கு மனம் குறைவாகக் கலங்குமோ அவர் போகட்டும். அது சித்தப்பாவாக இருந்தாலும் பரவாயில்லை. அழுகை வரும் என்று தெரிந்தவர் வீட்டுப் படலையடியிலேயே விடைபெற்றுக்கொள்ளலாம். அம்மம்மாவை விலக்கி வைக்கிறோம் என்று அவர் மனம் நோகக்கூடாது. பிள்ளை திரும்பி வரும்போது கதை கேட்கும் வேலையை அவரிடம் கொடுங்கள். அதற்கு அவரை விடப் பொருத்தமான ஆள் இல்லை.

அடுத்தது, ஒளித்துப் போவது. 'பிள்ளை விளையாடுது, மெல்லப் போ' என்று வாசலில் சொல்லாதவர் குறைவு, ஆசிரியைகளும் சொல்வதுண்டு. அந்த நேரத்துக்கு அழுகை இராது என்பது உண்மை. ஆனால் திரும்பிப் பார்த்து அம்மாவைக் காணாத பிள்ளை அடுத்த நாள் விளையாடப் போகாது, சேலையைப் பிடித்தபடியே நிற்கும். சொல்லிவிட்டுப் போங்கள். 'அம்மா இப்ப போட்டு வாறன். நீ பாட்டுப் படிச்சு, விளையாடி, பிட்டுச் சாப்பிட்டு முடிய அம்மா வந்து கூட்டிக்கொண்டு போவன்.' இவ்வளவும் போதும். மணி பதினொன்றரை என்பது மூன்று வயதுக்கு ஒன்றும் விளங்காது. சாப்பிட்டு முடிய என்றால் விளங்கும். ஒரு கொஞ்சல், பிறகு நடை. அழுதாலும் திரும்ப வந்து தூக்க வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகள் தாய் ஒழுங்கையால் திரும்புவதற்குள்ளேயே அடங்கிவிடும். மனம் கேட்காவிட்டால் அரை மணித்தியாலம் கழித்து ஆசிரியைக்குத் தொலைபேசியில் கேளுங்கள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது இதன் மறுபாதி. முதல் மாதத்தில் ஐந்து நிமிடம் முந்தி வாருங்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு தனியே வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்குப் பத்து நிமிடம் மிக நீண்டது. ஓட்டோக்காரரோ அயலவரோ கூட்ட வருவதென்றால் காலையிலேயே பிள்ளையிடமும் ஆசிரியையிடமும் சொல்லிவிடுங்கள்.

ஒத்திகை பார்க்க இரண்டு மூன்று கிழமை முந்தித் தொடங்கலாம். சித்தி வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போய்க் கால் மணித்தியாலத்தில் திரும்பி வருவது, அடுத்த முறை அதைச் சற்று நீட்டுவது; ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போவது. ஒரு பின்னேரம் முன்பள்ளிக்கு நடத்திக்கொண்டு போய் ஊஞ்சலையும் மலசலகூடத்தையும் காட்டுங்கள். எங்கள் முன்பள்ளிகளில் பல சனசமூக நிலையங்களும் கோயில்களும் தேவாலயங்களும் நடத்துபவை. கேட்டால் திறந்து காட்டுவார்கள். ஜேர்மனியில் வாழும் எங்கள் உறவினர்களுக்கு 'பேர்லின் முறை' தெரிந்திருக்கும்: முதல் மூன்று நாளும் தாயோ தந்தையோ கூடவே இருப்பார், நான்காம் நாள்தான் முதன்முறையாகக் கொஞ்ச நேரம் வெளியே போய்ப் பார்ப்பார். தோட்டத்துக்கோ கூலி வேலைக்கோ போகும் தாய்க்கு அப்படி இருக்க வசதி இல்லை. ஆனால் முதல் கிழமை ஒரு மணித்தியாலம், அடுத்த கிழமை முழு நேரம் என்று ஆசிரியையிடம் கேட்டு ஒழுங்கு செய்ய முடியும். கேளுங்கள்.

பயமுறுத்தும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஆமி வாறான், கெதியாச் சாப்பிடு' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது ஆமியின் இடத்துக்கு ரீச்சர் வந்துவிட்டார். 'ரீச்சரிட்டைச் சொல்லிக் குடுப்பன்' என்று மார்கழி முழுக்க வெருட்டப்பட்ட பிள்ளையை, தை மாதம் அதே ரீச்சரின் கையில் கொடுத்துவிட்டு அழாதே என்றால் எப்படி?

வீட்டில் யாராவது காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் இதையும் கவனியுங்கள். பிள்ளை படத்தைக் காட்டிக் கேட்கும். 'போனவர், திரும்பி வரேல்லை' என்று பெரியவர்கள் தங்களுக்குள் கதைப்பதும் அதன் காதில் விழும். பிறகு, 'நீ பள்ளிக்கூடம் போகப் போறாய்' என்கிறோம். இரண்டும் ஒரே 'போறது' என்று பிள்ளை நினைக்க இடம் உண்டு. வெளிநாட்டில் நிற்கிறார் என்று பொய் சொல்ல வேண்டாம். பிள்ளை காத்திருக்கத் தொடங்கும். 'மாமா எங்கை எண்டு எங்களுக்குத் தெரியாது. நாங்கள் தேடுறம். நீ போறது ரீச்சரிட்டை. அம்மாவுக்கு அந்த இடம் தெரியும்.' வீட்டில் எல்லோரும் இதே வசனத்தைச் சொல்லுங்கள். ஆசிரியையிடமும் முன்கூட்டியே தனியாகச் சொல்லி வைத்தால், குடும்பப் படம் கீறச் சொல்லும் நாளில் அவர் பார்த்துக்கொள்வார்.

மற்றவை சுலபம். மூன்று வயதில் போடும் எம்.எம்.ஆர். இரண்டாவது ஊசி போட்டாயிற்றா என்று கிளினிக் புத்தகத்தில் பாருங்கள். ஒண்டுக்கு வந்தால் வாய்விட்டுச் சொல்லவும் காற்சட்டையைத் தானே இறக்கவும் பழக்குங்கள். கழற்ற முடியாத இடுப்புப் பட்டி, சப்பாத்து நாடா எல்லாம் வேண்டாம். சாப்பாடு, வீட்டில் தானாக எடுத்துச் சாப்பிடுகிற ஒன்றாக இருக்கட்டும். அவித்த பயறு நல்லது. விஜயதசமிக்கோ தைப்பூசத்துக்கோ ஏடு தொடக்கியிருந்தால் மகிழ்ச்சி, ஆனால் அரிசியில் 'அ' எழுதிய கைக்கு மறுநாளே கொப்பியும் பென்சிலும் தேவையில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை மூன்று வயதிலேயே நினைத்துக்கொண்டு வரும் பெற்றோரைப் பார்த்து நான் களைத்துவிட்டேன்.

இரண்டு மூன்று கிழமை அழுவது வழக்கம். பொங்கல் விடுமுறைக்குப் பிறகும், காய்ச்சலுக்குப் பிறகும் மறுபடி தொடங்கும். ஒரு மாதம் கடந்தும் பிள்ளை முன்பள்ளியில் வாய் திறக்காமல் இருந்தால், சாப்பாட்டையும் நித்திரையையும் விட்டால், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பி வந்து தொடர்ந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சொல்லுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926. முன்பள்ளி வாசலில் நின்றதற்குப் பிறகு இரவில் நித்திரை வராமல் பழையவை திரும்பி வந்தால், அந்த இலக்கத்துக்கு அம்மாவும் எடுக்கலாம், அம்மம்மாவும் எடுக்கலாம்.